சாம்பல் கோழியின் வழக்கு



சென்ற தவணையின் இறுதி வாரத்தில் ஒருநாள், ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். விலங்குகளின் இனவிருத்தி பற்றிய பாடம். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"ஐயா, எங்க வீட்டுக் கோழி சாம்பல் நிறம். அது பொரிச்ச குஞ்சுல மூணு கறுப்பு, நாலு சாம்பல், ரெண்டு அழுக்கு வெள்ளை. எல்லாம் ஒரே தாய் பிள்ளைங்கதானா?"

வகுப்பு சிரித்தது. "சேவல் என்ன நிறம்?" என்று கேட்டேன். "அதுவும் சாம்பல்தான் ஐயா. வேற சேவலே கிடையாது" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு, இதே கேள்விக்கு விடை தெரியாத காரணத்தால் எங்கள் தோட்டத்து லயத்தில் இரண்டு குடும்பங்கள் ஒன்பது ஆண்டுகள் பேசாமல் இருந்தன. அவற்றுள் ஒன்று எங்கள் குடும்பம்.

அந்த மாணவிக்கு அன்று இரண்டு வரியில் விடை சொல்லி அமர வைத்தேன். அவ்விரண்டு வரிகளுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதை எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணத்தின் விளைவே இவ்விடுகை.

முதலில் வழக்கைச் சொல்லிவிடுகிறேன். பேராக் மாநிலத்தின் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் பிறந்து வளர்ந்தேன். பால்மரம் வெட்டிவிட்டு நண்பகலில் வீடு திரும்பும் என் பாட்டி, சோறு உண்பதற்கு முன்பே லயத்தின் பின்புறம் சென்று கோழிகளை எண்ணுவார். இருபதுக்குக் குறையாமல் இருந்தன. அக்காலத்தில் கோழியின் நிறத்துக்கு ஒரு விலை உண்டு. எங்கள் தோட்டத்து முனியாண்டி சாமிக்குக் கறுப்புச் சேவல்தான் நேர்ந்து விடுவார்கள். திருவிழா மாதத்தில் கரிய சேவல் வைத்திருப்பவருக்கு நல்ல வரும்படி. ஆயினும் பாட்டியின் உள்ளம் கறுப்பில் இல்லை. அவரிடம் மழைமேக நிறத்தில் ஒரு பெட்டை இருந்தது. ஒவ்வோர் இறகின் ஓரத்திலும் மெல்லிய கரிக்கோடு ஓடும். முற்றம் முழுவதும் அந்த நிறமாகவே மேய வேண்டும் என்பது அவர் ஆசை.

முதல் அடையில் குஞ்சுகளில் பாதி கறுப்பு, பாதி சாம்பல். பக்கத்து வீட்டு அத்தையின் கறுப்புச் சேவல்தான் தந்தை என்பது ஊரறிந்த செய்தி. 'இனத்தைக் கெடுத்துவிட்டது' என்று பாட்டி முணுமுணுத்தாரேயன்றிச் சண்டையிடவில்லை. அந்த அடையில் வந்த ஒரு சாம்பல் சேவலை வளர்த்து ஆளாக்கி, அதையும் தாய்ப் பெட்டையையும் கம்பிவலைக் கூண்டுக்குள் இரண்டு மாதங்கள் அடைத்து வைத்தார். பிறகு பன்னிரண்டு முட்டைகளை அடை வைத்தார். இரண்டு கூமுட்டை. மீதிப் பத்தில் மூன்று கறுப்பு, ஐந்து சாம்பல், இரண்டு அழுக்கு வெள்ளை.

கூண்டுக்குள் கறுப்பு எப்படி வந்தது? பாட்டியின் கணக்கில் ஒரே விடைதான் இருந்தது. எவரோ முட்டையை மாற்றி விட்டார்கள். அடைக்கோழி எந்த மூலையில் படுத்திருந்தது என்பது அத்தைக்கு மட்டுமே தெரியும். வாய்ப்பேச்சு வளர்ந்தது. அத்தை கோவிலுக்குச் சென்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். பாட்டி நம்பவில்லை. இது நடந்தது 1974இல். கறுப்புக் குஞ்சுகள் வளர்ந்து முனியாண்டிக்குச் சென்றன. அழுக்கு வெள்ளை இரண்டும் தீபாவளிக் குழம்புக்குச் சென்றன. 1983இல் பாட்டி இறந்தபோது அத்தை வந்தார். வாசலோடு நின்று அழுதுவிட்டுத் திரும்பிப் போனார்.

நிற்க. இனி வரலாற்றுக்கு வருவோம்.

வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை செங்காட்டுக்கோழி. நம் மலேசியக் காடுகளிலும் சிங்கப்பூரின் உபின் தீவிலும் இன்றும் அதனைக் காணலாம். சேவலுக்குச் செம்பொன் கழுத்து, கரிய மார்பு, பச்சை மினுங்கும் கறுப்பு வால். பெட்டைக்கு உதிர்ந்த இலையின் பழுப்பு. காட்டில் எல்லாப் பெட்டைகளும் இப்படித்தான் இருக்கும். வெள்ளையாகவோ சாம்பலாகவோ ஒன்று பிறந்தால், அது தரையில் அடைகாக்கும் மூன்று வாரங்களுக்குள் கீரியோ பருந்தோ அதைக் கண்டுவிடும். மனிதனின் முற்றத்தில் அந்த ஆபத்து குறைவு. மாறாக, 'இது அழகாக இருக்கிறதே' என்று அதையே காப்பாற்றி வைப்பவன் மனிதன். இவ்வாறு நிறங்கள் பெருகின.

இது எப்போது தொடங்கிற்று? 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஐயத்துக்கு இடமில்லாத மிகப் பழைய வீட்டுக்கோழி எலும்புகள் தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னும் இடத்தில் கிடைத்தவையே என்றது. காலம் கி.மு. 1650 முதல் கி.மு. 1250 வரை. நெல்லும் தினையும் விளைந்த வயல்களே காட்டுக்கோழியை மனிதனிடம் அழைத்து வந்தன என்பது அவ்வாய்வாளர்களின் கருத்து. தானியத்துக்காக வந்த பறவை, பிறகு தானாகவே தங்கிவிட்டது போலும்.

ஐரோப்பாவில் நிறத்தின் மீது வெறி பிறந்தது மிகவும் பிற்காலத்தில். 1840களில் சீனத்திலிருந்து பேருருவக் கோழிகள் இங்கிலாந்துக்கு வந்தன. விக்டோரியா அரசியார் அவற்றை விண்ட்சர் அரண்மனையில் வளர்த்தார். அரசியார் வளர்த்தால் ஊரும் வளர்க்குமன்றோ! 1849இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்த கோழிக் கண்காட்சிக்கு ஏறத்தாழ 10,000 பேர் திரண்டனர். ஒரு சோடிக் கோழிக்குக் கூலித் தொழிலாளி பல மாதங்கள் உழைத்துப் பெறும் பணத்தைக் கொட்டினர். அந்த மோகத்தில் பணம் சம்பாதித்த ஜார்ஜ் பர்ன்ஹாம் என்பவரே 1855இல் அதைக் கேலி செய்து 'கோழிக் காய்ச்சலின் வரலாறு' என்ற பொருளில் ஒரு நூலும் எழுதினார். ஆளைப் பாருங்கள், ஏமாற்றியும் சம்பாதித்தார், ஏமாந்த கதையை விற்றும் சம்பாதித்தார்.

காய்ச்சல் தணிந்த பின்னர்ச் சட்டதிட்டம் வந்தது. 1865இல் இலண்டனில் காட்சிக் கோழிகளுக்கான இலக்கண நூல் ஒன்று வெளியாயிற்று. அதைத் தொகுத்தவர் வில்லியம் டெகெட்மையர். எந்த இனத்துக்கு எந்த நிறம், காலில் எத்தனை விரல், கொண்டை எப்படி என்றெல்லாம் அந்நூல் வரையறுத்தது. வரையறைக்கு உட்படாத குஞ்சு 'கழிவு' எனப்பட்டது. நம் கிளந்தான் மாநிலத்துச் செராமாக் கோழியை இவ்விடத்தில் நினைத்துக் கொள்கிறேன். அதற்கு நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் தோரணையே மதிப்பெண். நிறம் எதுவானாலும் சரி. இங்கிலாந்துக்காரருக்கு அந்தத் தாராளம் இல்லை.

இதே டெகெட்மையர்தான் சார்லசு டார்வினுக்குக் கோழி, புறா பற்றிய செய்திகளைத் திரட்டித் தந்தவர். டார்வின் தாமும் கோழிகளை வளர்த்துக் கலந்து பார்த்தார். கரிய ஸ்பானியச் சேவலை வெள்ளைப் பட்டுக்கோழிப் பெட்டையோடு இணைத்தார். இரண்டும் பழைமையான தூய இனங்கள். இரண்டிலும் ஒரு சிவப்பு இறகு கூடக் கிடையாது. ஆனால் அவற்றின் வழியில் வந்த ஒரு சேவல் வளர வளரக் காட்டுக்கோழியின் செந்நிறத்தைப் பூண்டு நின்றது! தாயிடமும் இல்லாதது, தந்தையிடமும் இல்லாதது பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது? மூதாதையின் நிறம் மறைந்து கிடந்து மீண்டது என்றார் டார்வின். 1868இல் வெளிவந்த, வளர்ப்பு விலங்குகளின் வேறுபாடுகள் பற்றிய தம் பெருநூலில் இதனைப் பதிவு செய்தார். மறைந்து கிடக்கிறது என்பதைக் கண்டார். எவ்வாறு கிடக்கிறது என்பது அவருக்குப் பிடிபடவில்லை. பட்டாணிச் செடிகளைக் கொண்டு அதற்கு விடை கண்ட மெண்டலின் கட்டுரை 1866இலேயே அச்சாகியிருந்தும் 1900 வரை அதனை உலகம் பொருட்படுத்தவில்லை.

இப்போது நம் சாம்பல் கோழி அரங்கேறுகிறது.

அந்தலூசியன் என்று ஓர் இனம். ஸ்பெயின் நாட்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்துக்கு வந்தது. ஆங்கிலேயர் அதன் நிறத்தை 'நீலம்' என்றனர். நம் கண்ணுக்கு அது சாம்பல்தான். இறகின் ஓரத்தில் கரிக்கோடு. ஆம், என் பாட்டியின் கோழிக்கு இருந்த அதே கோடு. காட்சிகளில் அதற்குப் பரிசு கிடைத்தது. ஆனால் வளர்ப்போருக்கு அது தீராத தலைவலி. பரிசு வென்ற நீலச் சேவலையும் நீலப் பெட்டையையும் இணைத்தாலும் கறுப்பும் அழுக்கு வெள்ளையும் பிறந்துகொண்டே இருந்தன. அழுக்கு வெள்ளை என்று நான் சொல்வது, வெள்ளை உடம்பில் நீலத் தீற்றல்கள் தெறித்தது போன்ற நிறம். இனம் இன்னும் தூய்மையாகவில்லை என்று கருதி அவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்தார்கள். கழிக்கக் கழிக்க அவை வந்தன.

கேம்பிரிட்ஜுக்கு அருகில் கிராண்ட்செஸ்டர் என்னும் சிற்றூரில் வில்லியம் பேட்சன் என்ற அறிஞர் தம் வீட்டு வளாகத்திலேயே கோழிகளை வளர்த்துவந்தார். மெண்டலின் விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்பதைக் கோழியின் கொண்டையை வைத்து 1902இல் காட்டியவர் அவர். மனைவி பியட்ரிசும் அப்பணியில் துணை நின்றார். மரபியல் என்று நாம் வழங்கும் துறைக்கு ஆங்கிலப் பெயர் சூட்டியவரும் பேட்சனே. சில ஆண்டுகளில் ரெஜினால்டு பன்னெட் அவருடன் இணைந்தார். படிவம் ஐந்து உயிரியலில் நம் பிள்ளைகள் வரைகின்ற 'பன்னெட் சதுரம்' இவர் பெயரால் அமைந்தது.

அவர்கள் நீலக் கோழிகளைப் பற்றிச் செய்த காரியம் மிக எளிது. கழிவுகளைக் கழிக்கவில்லை, எண்ணினார்கள். நிறைய முட்டைகளைப் பொரிக்க வைத்து எண்ணியபோது ஒரு கணக்கு புலப்பட்டது. நான்கில் ஒரு பங்கு கறுப்பு, இரண்டு பங்கு நீலம், ஒரு பங்கு அழுக்கு வெள்ளை.

வகுப்பில் இதை விளக்க நான் இரண்டு பத்துக்காசு நாணயங்களைச் சுண்டச் சொல்வது வழக்கம். ஒரு நாணயம் தந்தை, மற்றொன்று தாய். ஒவ்வொன்றுக்கும் பூ, தலை என இரு பக்கம். பூ என்பது நிறத்தை வெளுக்கச் செய்யும் கூறு. தலை என்பது வெளுக்காமல் விடும் கூறு. இரண்டும் தலையாக விழுந்தால் கறுப்பு. இரண்டும் பூவானால் வெளுத்துப்போன அழுக்கு வெள்ளை. ஒன்று பூ, ஒன்று தலை என்றால் சாம்பல். பலமுறை சுண்டினால் பாதித் தடவை கலந்துதான் விழும். ஆகவே சாம்பல் என்பது தனி இனமன்று. கறுப்புக்கும் வெளுப்புக்கும் இடைப்பட்ட ஒரு சேர்க்கை. அதை எத்தனை தலைமுறை தேர்ந்தெடுத்தாலும் தூயதாக்க இயலாது. பன்னெட் தம் நூலில் இதனைச் சற்றுக் குறும்பாகவே எழுதினார்: கழிவு எனத் தள்ளப்பட்ட கறுப்பும் வெள்ளையுமே உண்மையில் தூயவை, பரிசு பெற்ற நீலமே கலப்பு என்பது அவர் வாதம்.

இதனினும் வியப்பு ஒன்றுண்டு. அந்தக் கறுப்பையும் அழுக்கு வெள்ளையையும் தம்முள் இணைத்தால் பிறப்பவை அனைத்தும் சாம்பல்! ஒன்றுகூடத் தவறாது. அதாவது, பாட்டி வாழ்நாளெல்லாம் விரும்பிய முற்றம், 1974இல் அவர் கையிலேயே இருந்தது. அதில் பாதியைச் சாமிக்குக் கொடுத்தார். மறுபாதியைக் குழம்பு வைத்தார்.

வழக்கில் இன்னொரு சான்றும் இருந்தது. அதை அன்று ஒருவரும் கவனிக்கவில்லை. அத்தை வீட்டில் கறுப்பும் சிவப்பும் தவிர வேறு நிறக் கோழி கிடையாது. அவர் முட்டையை மாற்றியிருந்தால், அந்த அழுக்கு வெள்ளைக் குஞ்சுகள் இரண்டும் எங்கிருந்து வந்தன? குற்றமற்றவர் என்பதற்கான சாட்சிகளைத்தான் நாங்கள் தீபாவளிக்கு உண்டோம். பழைய சேவலின் வித்து பெட்டையின் உடலில் இரண்டு மூன்று வாரங்கள் தங்கும் என்பதால், 'சேவலைப் பிரித்தும் கறுப்பு வந்ததே' என்ற குழப்பம் பலருக்கும் நேர்வதுண்டு. ஆனால் பாட்டி அடைத்தது இரண்டு மாதங்கள். அந்த விளக்கத்துக்கும் இடமில்லை.

பன்னெட்டைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. அது எனக்கு அவ்வளவாக உவப்பானதன்று. முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் தானியப் பற்றாக்குறை. முட்டையிடாத சேவல்களுக்குத் தீனி போட்டு வளர்ப்பது வீண் எனக் கருதப்பட்டது. ஆனால் பிறந்த குஞ்சில் ஆண் எது, பெண் எது? இறகின் நிறத்தைக் கொண்டே அறியலாம் என்றார் பன்னெட். பறவைகளில் சில நிறக் கூறுகள் பாலினத்தோடு பிணைந்தவை. பெண்குஞ்சு அவற்றைத் தந்தையிடமிருந்து மட்டுமே பெறும். எடுத்துக்காட்டாக, பொன்னிறச் சேவலை வெள்ளிநிறப் பெட்டையோடு இணைத்தால், பொன்னிறக் குஞ்செல்லாம் பெண், வெளிர்நிறக் குஞ்செல்லாம் ஆண். பின்னர் 1929இல், இணைக்கும் தொல்லையே இல்லாமல் தன் இனத்துக்குள்ளேயே நிறத்தால் பால் காட்டும் காம்பார் என்னும் கோழியினத்தையும் அவர் உருவாக்கினார். அறிவுக்கு விருந்துதான். ஆனால் முட்டைத் தொழில் பெருகியபோது, பிறந்த நாளிலேயே ஆண்குஞ்சுகளைப் பிரித்துக் கொல்வது உலகெங்கும் வழக்கமாயிற்று. ஜெர்மனி 2022இல்தான் அதனைச் சட்டத்தால் தடை செய்தது. ஒரு நிறத்தைப் பார்த்து இது வேண்டும், இது வேண்டா எனப் பிரிப்பதில் பாட்டியும் பண்ணையும் ஒன்றே. அளவுதான் வேறு.

இதையெல்லாம் நூல்களில் படித்த எனக்கு, கண்ணால் காண வேண்டும் என்ற ஆசை விடவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு, கம்பத்தில் வசிக்கும் மலாய் நண்பர் ஒருவர் வீட்டில் அழுக்கு வெள்ளைப் பெட்டை ஒன்றைக் கண்டேன். அவர் அதைக் கழித்துவிட எண்ணியிருந்தார். நான் வாங்கி வந்தேன். முழுக் கறுப்புச் சேவல் ஒன்றையும் தேடிப் பிடித்தேன். சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் ஒரு மாதம் தனியே வைத்துவிட்டு, அதன் பிறகு இட்ட பதினான்கு முட்டைகளைப் பொரிப்புப் பெட்டியில் வைத்தேன். வெப்பம் 37.5 பாகை. நாளுக்கு மூன்று முறை முட்டைகளைத் திருப்பினேன். ஏழாம் நாள் கைவிளக்கின் முன் பிடித்துப் பார்த்ததில் மூன்று கூமுட்டை. பதினெட்டாம் நாள் திருப்புவதை நிறுத்தினேன். இருபத்தோராம் நாள் விடியற்காலையில் முதல் ஓடு விரிந்தது.

பதினொன்றும் சாம்பல்.

ஈரம் உலர்ந்த பிறகு மறுபடியும் எண்ணினேன். என் மனைவி, "பள்ளிக்கு நேரமாச்சு" என்று இரண்டுமுறை அழைத்தார். வளர்ந்தபோது இரண்டு சேவல்களுக்குக் கழுத்தில் செம்பொன் இழை தோன்றியது. அந்தக் கறுப்புச் சேவலின் கறுப்புக்கு அடியில் காட்டுக்கோழி ஒளிந்திருந்தது போலும். டார்வின் கண்டது இதைத்தான். முற்றத்துக் கலப்புக் கோழிகளில் நூலில் உள்ளது போல் துப்புரவான விடை கிடைப்பதில்லை. வெளுக்கும் கூறு கறுப்பை மட்டுமே தொடும். சிவப்பை அது ஒன்றும் செய்யாது.

நிறம் கலப்பது முற்றத்தோடு நிற்பதுமில்லை. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அருங்காட்சியகங்களில் நூறாண்டுக்கும் மேலாகக் காக்கப்பட்டுள்ள காட்டுக்கோழிகளின் மரபணுக்களைச் சோதித்து, வீட்டுக்கோழியின் கலப்பு காட்டுக்குள் பெருகி வருவதை 2023இல் வெளியிட்டனர். காடும் கொடுத்திருக்கிறது. வீட்டுக்கோழியின் மஞ்சள் கால்களுக்குக் காரணமான மரபணு செங்காட்டுக்கோழியிடமிருந்து வரவில்லை, தென்னிந்தியாவில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என 2008இல் ஓர் ஆய்வு மெய்ப்பித்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பறவை அது. ஈப்போச் சந்தையில் தொங்கும் கோழியின் மஞ்சள் காலைப் பார்க்கும்போதெல்லாம் இஃது எனக்கு நினைவுக்கு வரும்.

குஞ்சுகளுக்கு இரண்டு மாதம் ஆனபோது, அத்தையைப் பார்க்கப் போனேன். தோட்டம் துண்டாடப்பட்டுப் பல்லாண்டு ஆகிவிட்டது. அவர் இப்போது மகளோடு தாமான் வீடொன்றில் இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஒரு தாளில் கட்டம் வரைந்து, கறுப்பும் வெள்ளையும் சாம்பலும் எப்படி வருகின்றன என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "நான் மாத்தலன்னு எனக்குத் தெரியுமே, தம்பி. உங்க பாட்டிக்குத்தான் இதைச் சொல்லியிருக்கணும்" என்றார். சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு, "பதினொண்ணும் சாம்பலா?" என்று கேட்டார்.

"ஆமாம் அத்தை."

"பின்னால கொஞ்சம் இடம் இருக்கு. எனக்கு ஒரு சோடி குடு."

சாம்பல் சோடி வேண்டா, கறுப்பில் ஒன்றும் அழுக்கு வெள்ளையில் ஒன்றும் தருகிறேன், அவற்றுக்குப் பிறப்பவை எல்லாம் சாம்பலாகவே இருக்கும் என்று மீண்டும் தாளைக் காட்டினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும். நீ சாம்பலே குடு" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.